தக்கவர் யார்?

மனிதன் குரங்கிலிருந்து வந்தானா, அல்லது ஆண்டவர் அவனைப் படைத்தாரா என்னும் வினா நம் பங்குகளில் இன்றும் எழுப்பப்படுகிறது. மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் கேட்கின்றனர். மகளைக் கல்லூரியில் விலங்கியல் படிக்க வைத்திருக்கும் தந்தை, திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்தபின் சற்றுத் தயங்கி நின்று கேட்கிறார். வினா அமைந்த முறையிலேயே குறை இருக்கிறது. இன்று மரங்களில் தாவும் எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டன் அன்று. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இனம் ஒன்று, ஏறத்தாழ 60 அல்லது 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அதிலிருந்து பல கிளைகள் பிரிந்தன, பெரும்பாலானவை பட்டுப்போயின, எஞ்சிய ஒரு கிளையின் நுனியில் நாம் இருக்கிறோம். அறிவியல் சொல்வது இவ்வளவே. திருச்சபையும் இதைக் கண்டு அஞ்சவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹூமானி ஜெனரிஸ்' என்னும் சுற்றுமடல், மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியிருக்கக்கூடுமா என்று அறிஞர் ஆராய்வதைத் தடுக்கவில்லை. ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுகிறது என்பதையே வலியுறுத்தியது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996 அக்டோபரில் அறிவியல் கழகத்தாருக்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டதாகவே குறிப்பிட்டார். ஆகவே அந்த வினாவை அத்துடன் விட்டுவிடலாம். அதைவிடக் கடுமையான வினா ஒன்று இருக்கிறது.

சிம்மக்கல் பகுதியின் குறுகிய சந்துகளில் வீடும் கடையும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. முன்பக்கம் கடை, மாடியில் குடும்பம், பின்கட்டில் ஓர் அறை. அந்தப் பின்கட்டு அறையில் பல வீடுகளில் ஒரு கட்டில் கிடக்கும்; கட்டிலில் ஒரு முதியவர் கிடப்பார். அத்தகைய வீடொன்றிலிருந்து படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடினார். "சாமி, நலிந்ததை இயற்கையே கழித்துவிடுகிறது, அப்படிக் கழித்துக் கழித்துத்தான் நாம் மனிதரானோம் என்கிறார்கள். பிறகு நாம் மட்டும் ஏன் இயற்கைக்கு எதிராக நிற்க வேண்டும்?" அவர் கல்நெஞ்சர் அல்லர். நினைவு தப்பிய தம் தாயை மூன்றாண்டுகளாகச் சுமந்து களைத்தவர். உடன்பிறந்தோர் வெளியூர்களில் இருந்து பணம் அனுப்புகின்றனர். கை கொடுக்க எவரும் இல்லை. அவருடைய கேள்விக்கு மறைநூல் வரி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அவர் அறிவியலின் பெயரால் கேட்டார். எனவே அறிவியல் என்ன சொல்கிறது என்பதைச் சற்று நின்று நோக்குவோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் இக்கொள்கைக்குப் பல பெயர்கள் உண்டு. நாம் பரிணாமம் என்கிறோம். தனித்தமிழார் படிமலர்ச்சி என்கின்றனர். இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்று வழங்குகிறது. இதன் உட்கூறாகிய ஒரு கருத்தைத் 'தக்கன பிழைத்தல்' என்று நம் பாடநூல்கள் மொழிபெயர்த்தன. நல்ல மொழிபெயர்ப்பு அது. தக்கது என்றால் பொருந்தியது, வலியது அன்று. ஆனால் தெருவில் அது 'வல்லவன் வாழ்வான்' என்று ஆயிற்று. 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்னும் பழமொழிக்கு அறிவியல் முத்திரை கிடைத்ததுபோல் ஆயிற்று. ஆங்கிலத்திலும் இந்தத் தொடர் டார்வின் ஆக்கியதன்று. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் ஆக்கியது. டார்வின் 1869இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டார். எதற்குத் தக்கது, எந்தச் சூழலில் தக்கது என்று கேளாமல் அத்தொடரை வழங்குவது பொருளற்றது. சேற்றில் வாழும் கெளுத்திக்குத் தக்க உடல் மலையில் வாழும் வரையாட்டுக்குத் தகாது.

இனி, நம் மண்ணிலேயே கிடைத்த சான்றுக்கு வருவோம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடரி அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொற்றலை ஆற்றின் பக்கமாக உள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். டார்வினின் அந்த நூல் முதன்முதலாக வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இந்தியாவின் கற்கால ஆய்வு இவ்வாறு தமிழகத்தில்தான் தொடங்கியது. பின்னர் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 1999 முதல் அதிரம்பாக்கத்தில் ஆழக் குழி தோண்டி, அடுக்கடுக்காக ஆராய்ந்தனர். மண்ணில் புதையுண்ட கல்லில் உள்ள பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் எந்த அளவுக்குத் தேய்ந்துள்ளன என்று கணக்கிட்டு, கீழடுக்கில் கிடைத்த கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தனர். மேலடுக்கில் கருவிகள் சிறுத்து, செதுக்கும் முறையும் மாறுகிறது. அம்மாற்றம் 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்று 2018இல் எழுதினர்.

இந்தக் கால அளவை மனம் எளிதில் ஏற்பதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியின் பழைமை ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் என்பதையே நாம் வியந்து பேசுகிறோம், பெருமைப்படுகிறோம், தகும். ஆனால் அதிரம்பாக்கத்துக் கோடரியிலிருந்து இன்றுவரை உள்ள காலத்தை ஒரு நாளாகச் சுருக்கினால், கீழடி அந்த நாளின் கடைசி இரண்டரை நிமிடம். சங்கமும் பாண்டியரும் நாயக்கரும் நாமும் அந்த இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறோம். மீதி இருபத்துமூன்று மணி ஐம்பத்தேழரை நிமிடம் எழுத்தில்லாத, பெயரில்லாத மூதாதையருடையது. அதிரம்பாக்கத்தில் அவர்களுடைய எலும்பு ஒன்றேனும் கிடைக்கவில்லை. கோடரி இருக்கிறது; பிடித்த கை இல்லை. உலகின் பிற இடங்களில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, அதைச் செய்தவர் நிமிர்ந்து நடந்த, நம்மினும் சிறிய மூளையுடைய ஹோமோ எரக்டஸ் இனத்தவராக இருக்கலாம் என்று கருதுகின்றனர்.

நிமிர்ந்து நடத்தல் மூளை பெருப்பதற்கு நெடுங்காலம் முந்தியது. தான்சானியா நாட்டில் லேட்டோலி என்னுமிடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்து உறைந்த காலடிச் சுவடுகளை 1978இல் மேரி லீக்கியின் குழு கண்டது. அவற்றின் வயது 36 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல். மனிதனை மனிதனாக்கியது அறிவு என்று மெய்யியலார் சொல்வர். ஆனால் முதலில் வந்தது கால். அறிவு பின்னால் நடந்து வந்தது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. படித்தவர் செருக்கைச் சற்றே அடக்குகிறது.

உடல் பெற்ற ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை கொடுத்தது. நிமிர்ந்ததால் கைகள் விடுபட்டன. முதுகுவலியும் குடலிறக்கமும் வந்தன. மயிர் குறைந்து வியர்வைச் சுரப்பிகள் பெருகியதால் கொடும் வெயிலிலும் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் இயன்றது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகை மணலில் நெருக்கியடித்து நிற்கும் இலட்சக்கணக்கானோர் அந்த ஆப்பிரிக்க வெளியின் கொடையால்தான் மயங்கி விழாமல் நிற்கின்றனர். ஆனால் நாம் தண்ணீரை விட்டு நெடுநேரம் விலகி இருக்க இயலாதவர் ஆனோம். நெருப்பு கைவந்தபின் உணவு மெதுவாயிற்று; பல்லும் தாடையும் சிறுத்தன. மூளை ஏறத்தாழ மூன்று மடங்கு பெருத்தது. இங்கேதான் பெருஞ்சிக்கல். நிமிர்ந்து நடப்பதற்கேற்ப அமைந்த இடுப்பெலும்பின் வழியே பெருத்த தலை வெளிவர வேண்டும். எனவே பெண்ணின் பேறுகாலம் துன்பம் மிக்கதாயிற்று. பிறக்கும் குழந்தையின் மூளையோ வளர்ந்தவர் மூளையில் 30 விழுக்காடும் இராது. கன்று பிறந்த நாளிலேயே எழுந்து நிற்கிறது; நம் குழந்தைக்குத் தலை நிற்கவே மூன்று திங்கள் ஆகிறது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்றுத் தங்க வேண்டும். வலிமையே தகுதி என்றால், இத்துணை வலிமையற்ற குட்டியை ஈனும் இனம் என்றோ அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன்? அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஒருவருக்கு மேற்பட்ட கைகள் இருந்தன. இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் என்னும் மானிடவியலார், பேரக்குழந்தைகளின் உணவுக்குப் பாட்டிமார் அகழ்ந்து தரும் கிழங்கு எவ்வளவு இன்றியமையாதது என்று காட்டினார். மகப்பேற்றுக் காலம் முடிந்தபின்னும் பெண் பல்லாண்டுகள் வாழ்வது விலங்குகளிடையே அரிது. அதற்குக் காரணம் பேரப்பிள்ளைகளைப் பேணுவதே என்பது அவர் முன்வைத்த கருதுகோள். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆயினும் நம் பக்கத்து அப்பத்தாவையும் அம்மாச்சியையும் அறிந்தவர் எவரும் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார். இளைஞரின் தாயும் ஒரு காலத்தில் அவருடைய பிள்ளைகளை மடியில் கிடத்தி வளர்த்தவரே.

அப்படியானால் வேலை முடிந்த பாட்டி? கிழங்கு அகழவும் இயலாத, குழந்தையைத் தூக்கவும் இயலாத முதியவர்? நம் இளைஞரின் வினா அங்கே திரும்பவும் நிற்கிறது.

ஜார்ஜியா நாட்டில் திபிலீசி நகருக்குத் தென்மேற்கே திமானிசி என்றோர் ஊர். இடைக்காலக் கோட்டையின் இடிபாடுகளுக்குக் கீழே ஏறத்தாழ 17 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டு முதிர்ந்த ஐந்து மண்டையோடுகள் கிடைத்தன. அதிரம்பாக்கத்தில் கோடரி செதுக்கியவர்களுக்கு அவர்கள் ஏறக்குறையச் சமகாலத்தவர் எனலாம்; இரண்டரை இலட்சம் ஆண்டு இங்கே பெரிய இடைவெளி அன்று. அவர்களுடைய மூளை நம் மூளையின் பாதியளவே. அந்த ஐவருள் ஒருவருக்குப் பற்கள் இல்லை. ஒரே ஒரு பல்லைத் தவிர அனைத்தும் உயிரோடிருந்தபோதே விழுந்துவிட்டன. பல் விழுந்த குழிகள் எலும்பு வளர்ந்து தூர்ந்து, ஈறு மழுங்கிவிட்டது. அவ்வாறு தூர்ந்துபோவதற்கு ஆண்டுகள் பல ஆகும். குளிர் மிகுந்த நாடு. பச்சை இறைச்சியும் கடினமான கிழங்கும் உண்ட காலம். அங்கே நெருப்பு மூட்டியதற்கான சான்றும் இல்லை. பல்லற்ற அவர் ஆண்டுக்கணக்கில் எப்படி உயிர் வாழ்ந்தார்? 2005இல் இதை அறிவித்த தாவீத் லோர்த்கிபானித்சே குழுவினர், மற்றவர் அவருக்கு உதவியிருக்கலாம் என்று எழுதினர்.

'இருக்கலாம்' என்னும் சொல்லை நாம் விழுங்கிவிடக் கூடாது. காட்டில் பல்லிழந்த குரங்குகளும் சிலகாலம் தாமே வாழ்ந்ததுண்டு என்று மறுப்போர் எடுத்துக்காட்டியுள்ளனர். மென்மையான உணவைத் தாமே தேடிக்கொண்டு அந்த முதியவர் வாழ்ந்திருக்கவும் கூடும். நமக்கு இனிக்கும் முடிவு என்பதற்காக ஒரு சான்றை அதன் வலுவுக்கு மேல் இழுப்பது உண்மைக்குச் செய்யும் தீங்கு. ஆனால் பிற்காலத்துச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. ஈராக்கின் சானிதார் குகையில் ரால்ஃப் சொலெக்கி 1957இல் கண்டெடுத்த நியாண்டர்தால் மனிதர் இளமையில் முகத்தில் அடிபட்டு ஒரு கண் பார்வையை இழந்திருக்கக்கூடியவர், வலக்கை சூம்பியவர், அக்காலக் கணக்கில் முதுமை எய்தும்வரை வாழ்ந்தார். போர்னியோத் தீவின் குகையொன்றில் 31,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் எலும்புக்கூட்டைப் பற்றி 2022இல் ஆய்வாளர் எழுதினர். சிறுவனாக இருந்தபோது இடக்காலின் கீழ்ப்பகுதி வெட்டி அகற்றப்பட்டிருக்கிறது. புண் ஆறி, அதன்பின் ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் அவன் வாழ்ந்திருக்கிறான். மலையும் காடும் சூழ்ந்த நாட்டில் ஒற்றைக்காற் சிறுவன் தனித்து வாழ்ந்தான் என்று யாரும் சொல்லத் துணியார். குருதியை நிறுத்தியவர், புண்ணைக் கழுவியவர், சுமந்து சென்றவர் இருந்தனர்.

ஆகவே, நலிந்ததைக் கழித்துக் கழித்து மனிதரானோம் என்னும் கூற்று வரலாற்றளவில் பாதி உண்மையே. நலிந்ததைத் தாங்கித் தாங்கியும் மனிதரானோம். டார்வினே இதை உணர்ந்திருந்தார். 1871இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில், ஒருவருக்கொருவர் இரங்கும் உறுப்பினர் மிகுந்த கூட்டமே தழைக்கும் என்றார். நோயுற்றோரையும் ஊனமுற்றோரையும் நாகரிக மக்கள் பேணுவதால் இனம் நலிவுறும் என்னும் அச்சத்தையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஆனால் உடனடியாக, அந்த இரக்கத்தைத் தடுத்தால் நம் இயல்பின் மிக உயர்ந்த பகுதியே சிதையும் என்றும் சேர்த்தார். முன்பாதியை மட்டும் படித்தவர்கள் இருபதாம் நூற்றாண்டில் என்ன செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். 1939 முதல் ஜெர்மனியில் மனநோயாளரும் ஊனமுற்றோரும் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். முன்ஸ்டர் ஆயர் வான் காலன் 1941 ஆகஸ்டில் மேடையேறி அதை வெளிப்படையாகக் கண்டித்தார்; பயனற்றவர் என்று ஒருவரைக் கொல்லலாம் என்றால் முதுமையில் நம்முள் யாருக்குக் காவல் என்பது அவர் மறையுரையின் சாரம்.

இத்துடன் இளைஞருக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. அவர் கூர்மையானவர், இப்படித் திருப்பிக் கேட்கலாம்: "இரக்கமும் ஒரு தகவமைப்பே என்கிறீர்கள். குழுவைக் காக்க உதவியதால் நிலைத்தது. இன்று என் தாயைப் பேணுவது எந்தக் குழுவையும் காக்கவில்லை. என் குடும்பத்தை அழிக்கிறது. பயன் தீர்ந்த கருவியை ஏன் வைத்திருக்க வேண்டும்?" அறிவியல் இங்கே வாய் மூடும். எலும்புகள் நமக்கு நடந்ததைச் சொல்லும். நடக்க வேண்டியதைச் சொல்லா. திமானிசியில் நூறு முதியவர் ஊட்டி வளர்க்கப்பட்டனர் என்று நாளை மெய்ப்பிக்கப்பட்டாலும், நூறு முதியவர் கைவிடப்பட்டனர் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும், நம் கடமை அதனால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

ஒன்று எவ்வாறு தோன்றியது என்பது வேறு; அது உண்மையா என்பது வேறு. எண்ணும் ஆற்றல் ஒருகால் மரத்துப் பழங்களை எண்ணுவதற்காக நம் முன்னோரிடம் தோன்றியிருக்கலாம். அதற்காக ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது பழம் தின்பவருக்கு மட்டும் உண்மையாகிவிடாது. பசிய இலைகளிடையே சிவந்த கனியைப் பிரித்தறியவே நம் கண் வண்ணங்களைக் காணக் கற்றது என்பர். அந்தக் கண்ணால்தான் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களையும் பார்க்கிறோம். கருவி ஒன்றுக்காகப் பிறந்து, அதனினும் பெரியதைத் தொட்டுவிடுகிறது. இரக்கமும் அத்தகையதே. தன் குழுவைக் காக்கப் பிறந்த உணர்வு, ஒரு காலத்தில், தன் குழுவைச் சேராத ஒருவனின் முகத்தைக் கண்டு நின்றது. அங்கே அது கணக்கைக் கடந்துவிட்டது. எரிகோ செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் எந்த மரபணுவைக் காத்தான்?

இன்னொன்றும் உண்டு, இதுவே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. பூனை தன் நலிந்த குட்டியை விட்டு நீங்கினால் அதைக் குற்றவாளி என்று எவரும் சொல்வதில்லை. 'நான் ஏன் இதைத் தாங்க வேண்டும்?' என்று பூனை கேட்பதில்லை. இளைஞர் கேட்டார். கேட்ட அக்கணமே, 'இயற்கை இப்படித்தான் செய்கிறது' என்பது அவருக்கு விடையாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. இயற்கை எதையும் தேர்வதில்லை; அவரோ தேர்ந்தாக வேண்டும். இயற்கையைப் பின்பற்றுவது என்பதும் அவருடைய தேர்வே. அதற்கான பொறுப்பை இயற்கையின் தோளில் இறக்கிவைக்க முடியாது. இந்தக் கேட்கும் ஆற்றலைத்தான் நம் மறை 'இறைச்சாயல்' என்னும் சொல்லால் சுட்டுகிறது என்பேன். அது எந்தத் தாயின் வயிற்றில், எத்தனையாவது இலட்ச ஆண்டில் பிறந்தது என்று தேடுவோர் தேடட்டும். ஆன்மாவுக்குப் புதைபடிவம் இல்லை. மண்டையோட்டின் கொள்ளளவில் எத்தனை கன சென்டிமீட்டரில் அது நுழைந்தது என்று கேட்பது, ஓவியத்தின் அழகு எத்தனையாவது தூரிகை வீச்சில் வந்தது என்று கேட்பதுபோல்தான். தொடக்கநூல் ஆசிரியரும் அந்தக் கணக்கைத் தரவில்லை. மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்னும் எபிரேயச் சொல்லோடு ஒலி பொருந்த மனிதனுக்கு ஆதாம் என்று பெயரிட்டார். இரண்டு அதிகாரம் கழித்து, உடன்பிறந்தவனைப் பற்றி இறைவன் கேட்ட வினாவுக்குக் காயின் தட்டிக்கழித்துச் சொன்ன விடையை எழுதிவைத்தார். மண்ணிலிருந்து வந்தவன், ஆயினும் விடை சொல்லக் கடமைப்பட்டவன். இவ்விரண்டும் ஒரே நூலில், ஒரே கதையில் இருக்கின்றன.

இவையெல்லாம் வெறும் மெய்யியல் அல்ல என்பதை நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கங்களில் 'தலைக்கூத்தல்' என்றால் என்னவென்று பெரியவர் அறிவர். தேறமாட்டார் என்று முடிவு செய்யப்பட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை விரைவுபடுத்தும் வழக்கம். ஊரறிந்தது, ஆனால் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது. 2010இல் நாளேடுகளில் செய்தி வந்தபோது வெளியூரார் அதிர்ந்தனர். இங்கே பலர் தலை குனிந்தனரேயன்றி வியக்கவில்லை. பிறகு 'பாரம்' என்னும் திரைப்படம் இதையே சொல்லித் தேசிய விருது பெற்றது. அந்தத் தலைப்பே போதும். வாழ்வின் மறுமுனையில், 1980களில், இதே பக்கங்களில் பெண்சிசுக்கள் கொல்லப்பட்டதும் 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் நினைவிருக்கும். இரண்டிலும் சொல்லப்படும் காரணம் ஒன்றே: துன்பப்பட வேண்டாம் என்றுதான். யாருடைய துன்பம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சாவதைத் தடுத்தே தீர வேண்டும் என்று திருச்சபை எக்காலத்தும் சொன்னதில்லை. பயனற்ற பெருஞ்செலவு மருத்துவத்தை மறுக்கலாம் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மயக்கமருந்து மருத்துவரிடம் விளக்கினார். நம் உச்ச நீதிமன்றமும் 2018இல் செயற்கை உயிர்தாங்கலை விலக்கிக்கொள்ள வரையறையோடு வழி வகுத்தது. எனவே, மூச்சுப்பொறியில் மாதக்கணக்காகக் கிடத்தி, நகையையும் வீட்டையும் விற்கச் செய்யும் ஆரவாரத்தை நான் 'பேணுதல்' என்று சொல்லவில்லை. சாகவிடுவது வேறு, சாகச் செய்வது வேறு. முன்னதில் நாம் கட்டிலருகே இருக்கிறோம்.

தாய் தந்தையரைப் பேணாத பிள்ளைகள் மீது வழக்குத் தொடுக்க 2007இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் பணத்தை வாங்கித்தரும்; படுக்கைப்புண்ணைத் துடைக்காது. துடைப்பவர் யார் என்பதையும் நாம் மேடையில் சொல்வதில்லை. 'முதியோரைப் பேணுங்கள்' என்று நான் மறையுரையில் முழங்கும்போது, பெரும்பாலும் அதை நிறைவேற்றுவது மகனின் கை அன்று, மருமகளின் கை. இரவில் மூன்று முறை எழுந்து துணி மாற்றுபவள் அவளே. அவளுக்கு ஓய்வு தருபவர் இல்லை. பழங்கால மனிதர் எவராவது நலிந்தவரைத் தாங்கியிருந்தால், தனி ஒருத்தியாகத் தாங்கியிருக்க இயலாது; கூட்டம் தாங்கியது. நம் வீடுகள் இன்று நான்கு சுவருக்குள் சுருங்கிவிட்டன, கூட்டம் கலைந்துவிட்டது, கடமை மட்டும் அப்படியே ஒருத்தியின் தலைமேல் இருக்கிறது. இளைஞரின் களைப்புக்குப் பொருள் இதுவே. அறிவியல் அவருக்கு ஒரு சாக்குத்தான். நம் பங்கில் மரியாயின் சேனையார் இருக்கின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கின்றனர். நோயாளர் வீட்டில் செபமாலை சொல்லிவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்புகின்றனர். செபமாலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் ஒருவர் கட்டிலருகே அமர்ந்திருந்தால், அந்த மருமகள் உறங்குவாள், அல்லது புதுமண்டபம்வரை நடந்துவிட்டு வருவாள். ஞாயிறுதோறும் ஒரு வீடு என்று தொடங்கினாலே போதும். பெயர்ப்பட்டியல் பங்குப் பணிமனையில் இருக்கிறது.

திமானிசியில் அந்தப் பல்லில்லா மண்டையோட்டோடு கரடுமுரடான கற்கருவிகளும், வெட்டுத்தடம் பதிந்த விலங்கெலும்புகளும் கிடைத்தன. பல் இல்லாதவர் உண்ணத்தக்கவை எலும்பின் உள்ளிருக்கும் கொழுப்பும் மூளையும் கல்லால் நைத்த இறைச்சியுமே என்பர். எலும்பை உடைக்க வேண்டும்; இறைச்சியைக் கல்மேல் வைத்து வேறொரு கல்லால் இடிக்க வேண்டும். நம் ஊரில் பல்போன அப்பத்தாமார் வெற்றிலை பாக்கை இரும்புச் சிற்றுரலில் இடித்துத்தான் வாயிலிடுவர். கை நடுங்கத் தொடங்கிய பின், பள்ளிவிட்டு வந்த பேத்தியைக் கூப்பிட்டு உரலை அவள் கையில் கொடுப்பர். திமானிசியில் கிடைத்த கற்களில் எது எலும்பை உடைத்தது, யார் கையால் உடைத்தது என்பது தெரியவில்லை.